தகப்பன் சேவல்: வீட்டு நாட்டுக்கோழிக்குச் சேவல் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நம்மூரில் சேவலைத் தேர்ந்தெடுப்பது அடுப்புதான். கோயில் கொடையோ கிறிஸ்துமஸோ வந்தால், வெளியூரிலிருந்து மருமகன் வந்தால், கூட்டத்திலேயே வேகமாக வளர்ந்து நெஞ்சு நிமிர்த்தி நிற்கும் சேவல் எதுவோ அதைத்தான் பிடிக்கிறோம். மெலிந்ததும் பிந்தி வளர்ந்ததும் தப்பித்துவிடுகின்றன. அடுத்த வருடம் குஞ்சுகளுக்கெல்லாம் அதுதான் அப்பன். இப்படியே நாலைந்து தலைமுறை ஓடிய பிறகு, “முன்னெல்லாம் நாட்டுக்கோழி நல்ல தடியா இருக்கும், இப்ப ரகம் கெட்டுப்போச்சு” என்று வருத்தப்படுகிறோம். ரகம் தானாகக் கெடவில்லை. நல்லதைக் கறிவைத்துவிட்டு மிச்சத்தை வித்துக்கு விட்டோம், அவ்வளவுதான்.

முறையைத் திருப்பிப் போட்டால் போதும். முதலில் தகப்பனைத் தேர்ந்தெடுங்கள், மீதியைத் தாராளமாகச் சமையுங்கள். எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் நிற்கிற வீட்டில், ஒரு பெட்டை சரியில்லை என்றால் அதன் குஞ்சுகளோடு போயிற்று. சேவல் சரியில்லை என்றால் அந்த வருடம் பொரிக்கும் அத்தனை குஞ்சுக்கும் பாதி ரத்தம் அதுதான். சேவலைத் தேர்ந்தெடுக்க நேரம் செலவிடுவது அதனால்தான்.

எதற்கு வளர்க்கிறோம், எந்த ரகம்

வீட்டு விளையில், அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டத்தில், அவிழ்த்துவிட்டு வளர்க்கும் கோழிக்கு நான் எதிர்பார்ப்பவை இவை: மேய்ந்து பிழைக்க வேண்டும், மழையிலும் சளி பிடிக்காமல் நிற்க வேண்டும், பெட்டை அடைகிடந்து குஞ்சுகளைக் கொண்டுநடக்க வேண்டும், சேவல் ஆளைக் கொத்தக் கூடாது. எடை அதற்குப் பிறகு. அழகு கடைசி. உங்கள் வரிசை வேறாக இருக்கலாம், கறிக்கு மட்டும் வளர்ப்பவர் எடையை முதலில் வைப்பார். ஆனால் வரிசையை எழுதிவைத்துக்கொள்ளாமல் சேவல் பார்க்கப் போகாதீர்கள். போனால் வால் நீளத்தில் மயங்கி வாங்கிவிடுவீர்கள்.

ரகம் என்று பார்த்தால், குமரி மாவட்டத்து வீடுகளில் நிற்பவை பெரும்பாலும் கலவைதான். 1920-களிலேயே மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையம், ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கரின் தலைமையில், தேனீயும் கோழியும் வளர்ப்பதை வீட்டு வருமானமாகச் சொல்லிக்கொடுத்தது. நூறு ஆண்டுகளாக இங்கே கோழி கைமாறிக்கொண்டே இருக்கிறது. “சுத்த ஒரிஜினல்” என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுக் கோழியைப் பாருங்கள்.

உடல் சிறுத்த நாட்டுக்கோழியான சிறுவிடைதான் சின்ன வீட்டுக்கு ஏற்றது. சேவல் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை வரும், தீனிச் செலவு குறைவு, பெட்டை நன்றாக அடைகிடக்கும். பெருவிடை எடை வரும், ஆனால் முட்டை குறைவு. கனமான பெட்டை அடையில் முட்டையை மிதித்து உடைப்பதும் உண்டு. அசில் இனச் சேவல் நாலு, ஐந்து கிலோ வரை போகும். அதன் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சண்டைக்காரர்கள். விலங்கைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது ஒருபுறம் இருக்க, சண்டைக்கென்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிய ரத்தம் எட்டுப் பத்துச் சேவல்குஞ்சுகள் ஒன்றாக வளரும் விளைக்கு ஒத்துவராது. மூன்று மாதத்திலேயே ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும்.

மொட்டைக்கழுத்துக் கோழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் பக்கத்து வீட்டுச் சொத்து. இந்தியாவில் இந்த இனத்தின் தாயகமாகக் கருதப்படுவது திருவனந்தபுரம் வட்டாரம், அதாவது கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப்பக்கம். கழுத்தில் இறகு இல்லாததால் உடம்புச் சூடு எளிதாக வெளியேறும், வெயில் காலத்திலும் இரை எடுக்கும். சேவல் பருவத்துக்கு வரும்போது அந்தத் தோல் சிவந்துவிடும். பார்க்கப் பிடிக்காது என்று பலர் ஒதுக்குகிறார்கள், எனக்கு அது புரிந்ததே இல்லை. தேர்ந்தெடுக்கும்போது கழுத்தின் முன்பக்கம், இரைப்பைக்குச் சற்று மேலே பாருங்கள். அங்கே ஒரு கொத்து இறகு தெளிவாக நின்றால் அந்தச் சேவலுக்கு மொட்டைக்கழுத்துக்கான மரபணு ஒரு பங்குதான் இருக்கிறது, சாதாரணப் பெட்டையோடு சேர்ந்தால் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிதான் மொட்டைக்கழுத்தாக வரும். கொத்து இல்லாமல் கழுத்து முழுக்க வெறுமையாக இருந்தால் இரண்டு பங்கும் உண்டு, எந்தப் பெட்டையோடு விட்டாலும் எல்லாக் குஞ்சும் மொட்டைக்கழுத்துதான்.

குட்டைக்கால் கோழி வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கால் குட்டையாவதற்குக் காரணமான அந்த மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். குட்டைக்கால் சேவலைக் குட்டைக்கால் பெட்டையோடு விட்டால் நாலில் ஒரு பங்கு முட்டை அப்படியே வீண். ஒரு பக்கம் நீளக்கால் இருக்கட்டும்.

கருங்கோழி எனும் கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா இனம், 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் பெட்டை அடைகிடப்பதில் மோசம். ஒரே கலப்பிலேயே கறுத்த தோலுள்ள குஞ்சுகள் வந்துவிடும் என்பதால், தோல் கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்துத் தூய இனம் என்று நம்ப வேண்டாம்.

வண்டியில் கூவிக்கொண்டு வரும் வண்ணக்கோழிகளைத் தகப்பனாக வைக்கவே வைக்காதீர்கள். வனராஜா, கிரிராஜா போன்றவை வளர்த்துச் சாப்பிட நல்ல கோழிகள்தாம். ஆனால் அவை கலப்பில் உருவாக்கியவை, அடுத்த தலைமுறையில் குணம் கலைந்து ஒவ்வொரு குஞ்சும் ஒவ்வொரு மாதிரி நிற்கும். அடைகிடக்கும் புத்தியும் உங்கள் கூட்டத்தை விட்டுப் போய்விடும்.

தள்ளைக்கோழியிலிருந்து தொடங்குங்கள்

சேவலின் வளர்ச்சியையும் உடல்கட்டையும் சேவலைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். முட்டையையும் அடையையும் அப்படிச் சொல்ல முடியாது. சேவல் முட்டை இடுவதில்லையே. அந்தக் குணங்கள் அதன் வழியாக மகள்களுக்குப் போகும், ஆனால் அதன் உடம்பில் தெரியாது. அதனால் அதன் தள்ளையையும் (தாய்க்கோழியையும்), கூடப் பொரித்த பெட்டைகளையும் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டிலேயே சேவல் எடுப்பதென்றால் வேலை ஒரு வருடம் முன்பே தொடங்குகிறது. எந்தப் பெட்டை ஒழுங்காக முட்டையிட்டு, 21 நாள் அசையாமல் அடைகிடந்து, பொரித்த குஞ்சுகளில் அதிகம் காப்பாற்றுகிறதோ அதன் குஞ்சுகளுக்கு அடையாளம் போடுங்கள். காலில் வண்ணப் பிளாஸ்டிக் வளையம் போதும். குஞ்சு வளர வளர வளையம் இறுகும், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். கறுப்புப் பெட்டையின் குஞ்சுக்குச் சிவப்பு வளையம், செவலையின் குஞ்சுக்குப் பச்சை என்று சமையலறைக் காலண்டரில் எழுதிவைத்தால் சரி. அடைமுட்டையைக் கலந்து வைக்காதீர்கள். நாலு பெட்டையின் முட்டையை ஒரே அடையில் வைத்தால் எது யார் குஞ்சு என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பருந்தும் கீரியும் மரநாயும் இருக்கிற ஊரில் பத்துக் குஞ்சை இறக்கி ஏழெட்டைப் பெரிதாக்கும் தள்ளை சாதாரணக் கோழி இல்லை. அதன் மகனுக்கு நான் எடையில் 200 கிராம் விட்டுக்கொடுப்பேன்.

இடையில் ஒரு நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். “இந்தச் சேவல விட்டா பெட்டக்குஞ்சுதான் நிறைய வரும்” என்று விலை ஏற்றுவார்கள். கோழியில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது பெட்டையிடமிருந்து வரும் குரோமோசோமால் முடிவாகிறது. சேவலுக்கு அதில் பங்கே இல்லை. அந்தப் பேச்சுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

இரண்டு மழையையும் பார்க்கட்டும்

தமிழ்நாட்டில் பல மாவட்டங்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் இங்கே பெய்கின்றன. சேவலுக்கு அவை இரண்டு பரீட்சைகள்.

ஜனவரி, பிப்ரவரியில் குஞ்சு பொரிக்குமாறு அடைவையுங்கள். பனி விட்டு வெயில் ஏறும் காலம், குஞ்சு நனைந்து சாகாது. எட்டு வாரத்தில் முதல் கழிவு: கால் வளைந்தவை, அலகு கோணியவை, கூடப் பிறந்தவற்றைவிட வெகுவாகப் பின்தங்கியவை. இந்த வயதில் வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பூசியும் போட்டாக வேண்டும், பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். தடுப்பூசி போடாமல் “தாக்குப்பிடிக்கிறதைத் தேர்ந்தெடுக்கிறேன்” என்று சிலர் சொல்கிறார்கள். வெள்ளைக் கழிச்சல் வந்தால் தேர்ந்தெடுக்க ஒன்றும் மிஞ்சாது.

ஜூனில் மழை பிடிக்கும்போது சேவல்குஞ்சுக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கும். ரப்பர் மரத்தடியிலும் வாழைமூட்டிலும் தண்ணீர் கட்டி நிற்கிற அந்த வாரங்களில் எது மூக்கொழுகுகிறது, எது கூட்டின் மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறது, எது மழை விட்டதும் முதலில் இறங்கிக் கிளறுகிறது என்று பாருங்கள். பத்துச் சேவல்குஞ்சில் நாலை வைத்துக்கொண்டு மீதியை விற்கவோ சமைக்கவோ செய்யலாம். அக்டோபர் மழையின்போது ஒன்பது, பத்து மாதம். அப்போது நாலு இரண்டாகட்டும். கடைசி முடிவை டிசம்பர் தொடக்கத்துக்குள் எடுத்துவிடுங்கள், கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் வீட்டில் முடிவு எடுப்பவர் வேறு ஆள்.

இறகு விஷயத்திலும் மழைதான் நீதிபதி. தலையில் இறகுக் குடுமி உள்ள கோழி பார்க்க அழகு, ஆனால் நனைந்தால் குடுமி கண்ணில் விழும். பருந்து வருவது தெரியாது. காலில் இறகு உள்ளவற்றுக்குச் சேறு கட்டி ஈரம் காயாமல் புண் வரும். இரண்டையும் நான் தகப்பனாக வைப்பதில்லை.

கையில் எடுத்துப் பார்ப்பது

பகலில் துரத்திப் பிடித்தால் சேவல் இளைக்கும், மூச்சைக் கவனிக்க முடியாது. இரவில் கூட்டிலிருந்து எடுத்துக் கூடையால் மூடிவைத்து, விடிந்ததும் இரை போடுவதற்கு முன் பாருங்கள். இரைப்பை காலியாக இருக்கும்போதுதான் எடையும் சரியாக இருக்கும். உள்ளங்கையை நெஞ்சின் அடியில் கொடுத்து, இரண்டு காலையும் விரல்களுக்கிடையில் பிடித்து, தலை உங்கள் பக்கம் இருக்குமாறு அக்குளில் அணைத்துக்கொண்டால் அடங்கி நிற்கும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்க வேண்டாம்.

முதலில் மூச்சு. சேவலைக் காதருகே கொண்டுவந்து கேளுங்கள். கர்கர் என்ற சத்தம், மூக்குத்துளையில் ஈரம், கண்ணோரம் நுரை, முகவீக்கம், இவற்றில் ஏதாவது இருந்தால் அதோடு நிறுத்திவிடலாம். “சளி இருந்தது, மருந்து கொடுத்துச் சரியாகிவிட்டது” என்று சொன்னாலும் வேண்டாம். நாள்பட்ட சளிக்குக் காரணமான மைக்கோபிளாஸ்மா கிருமி குணமான கோழியிலும் தங்கும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும்.

அடுத்து கண். இரண்டு கண்ணும் ஒரே நிறமாக, நடுவிலுள்ள கறுத்த பாப்பா வட்டமாக இருக்க வேண்டும். ஒரு கண் சாம்பல் பூத்து, பாப்பாவின் விளிம்பு நெளிந்திருந்தால் மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கக்கூடும். அலகை மூடிப் பாருங்கள், மேலும் கீழும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

கொண்டை சிவந்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். வெளிறிய கொண்டைக்குக் குடற்புழுவோ உண்ணியோ காரணமாக இருக்கலாம், அதை மருந்தால் சரிசெய்து ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். கொண்டையின் அமைப்பும் முக்கியம். நிமிர்ந்த ஒற்றைக் கொண்டையா, அசிலில் இருப்பதுபோல் மூன்று வரிசைச் சிறு கொண்டையா, தட்டையாக முள்முள்ளாகப் பின்னோக்கிப் போகும் ரோஜாக் கொண்டையா என்று பாருங்கள். ரோஜாக் கொண்டைக்கான மரபணு இரண்டு பங்கும் உள்ள சேவல்களுக்குக் கருக்கூட்டும் திறன் குறைவு. வீட்டில் எல்லாமே ரோஜாக் கொண்டை என்றால் ஒற்றைக் கொண்டைச் சேவல் ஒன்றைக் கொண்டுவருவது நல்லது.

இப்போது விரல்களை நெஞ்செலும்பின் மேல் முன்னிருந்து பின்னாக ஓட்டுங்கள். நேராக, நீளமாக, இரண்டு பக்கமும் சதை நிறைந்து இருக்க வேண்டும். கத்திமுனை மாதிரி எலும்பு துருத்தினால் ஊட்டமில்லை, புழுவும் இருக்கலாம். எலும்பே வளைந்து பள்ளம் விழுந்திருந்தால் சிலநேரம் குஞ்சிலேயே ஒல்லியான கம்பில் அடைந்ததால் வந்திருக்கும், சிலநேரம் பரம்பரை. எது என்று பிரித்தறிய வழியில்லாததால் தகப்பனாக வேண்டாம்.

முதுகு அகலமாக, வாலை நோக்கி லேசாகச் சரிய வேண்டும். கூன் இருந்தால் கையை வைத்ததும் தெரியும். வாலைப் பின்னாலிருந்து பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும் வால் எலும்புக் குறை, பிள்ளைகளுக்கும் போகும். இறக்கையை விசிறி போல விரித்தால் வெளிப்பக்கம் 10 பெரிய இறகுகள், ஒரு சிறிய இறகு, பிறகு உள்வரிசை. இரண்டு வரிசைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தால் குறை. இறகு உதிர்க்கும் காலத்தில் இதைப் பார்த்து ஏமாற வேண்டாம், முளைத்து முடியட்டும்.

வால் அடியில் குதத்தைச் சுற்றி இறகை விலக்குங்கள். ஈரமாக, சுத்தமாக இருந்தால் நல்லது. இறகின் அடியில் வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஒட்டியிருப்பது பேன் முட்டை. பேன் எல்லாக் கோழிக்கும் வரும், ஆனால் மண்ணில் குளித்துத் தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் சேவலுக்குக் குறைவாக இருக்கும்.

கீழே இறக்கிவிட்டுக் காலைப் பாருங்கள். என் மதிப்பெண்ணில் பாதி காலுக்குத்தான். பெட்டையின் மேல் ஏறி நிலைத்து நிற்க முடியாத சேவலுக்கு மற்ற எல்லா அழகும் இருந்து என்ன பயன்? முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு காலும் அகன்று, நேராக ஊன்ற வேண்டும். முழங்கால் ஒன்றோடொன்று இடித்தால் வேண்டாம். முன்விரல் மூன்றும் நேராக விரிந்து, பின்விரல் தரையில் படிந்து பின்னோக்கி இருக்க வேண்டும். பின்விரல் வாத்துக்கால் மாதிரி முன்பக்கம் திரும்பியிருந்தால் கம்பில் பிடிமானம் இருக்காது. உள்ளங்காலில் கறுத்த மூடியோடு வீக்கம் இருந்தால் அது சீழ்க்கட்டி, மழைக்காலத்தில் கரடுமுரடான தரையில் குதிப்பதால் வரும்.

பிறவிக் குறை வேறு, பட்ட காயம் வேறு. அம்மை வந்து ஆறிய தழும்பு, சண்டையில் கிழிந்த கொண்டை, நாய் பிடித்துத் தப்பியதில் போன ஒரு விரல், இவை பிள்ளைகளுக்குப் போகாது. காலில் செதில் தூக்கி நிற்பதும் சிற்றுண்ணி வேலைதான், வேப்பெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தொடர்ந்து தடவினால் அடங்கும். நல்ல சேவல் ஒன்று இப்படி அசிங்கமாக நின்றால் மலிவாகக் கிடைக்கும், விடாதீர்கள்.

நிறத்துக்குக் காகம், மயில், கீரி, பூதி என்று பெயர் சொல்லி ஆளுக்கொரு ராசி வைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பிடித்த நிறத்தை எடுங்கள். திறந்த விளையில் வெள்ளை தூரத்திலிருந்தே பருந்தின் கண்ணில் படும் என்பதைத் தவிர எனக்கு நிறத்தில் அக்கறை இல்லை.

தள்ளி நின்று பார்ப்பது

அரைமணி நேரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். கொஞ்சம் அரிசியோ மரச்சீனி (மரவள்ளி) துண்டோ வீசிப் பாருங்கள். நல்ல சேவல் தான் முழுங்காமல், கொக்கொக்கென்று சத்தம் கொடுத்து, இரையை எடுத்தும் போட்டும் பெட்டைகளைக் கூப்பிடும். முதலில் தன் வயிற்றை நிரப்பிவிட்டுப் பெட்டையைக் கொத்தித் துரத்துவதைக் கறிக்கு வையுங்கள். பெட்டையை அணையும் முன் ஓர் இறக்கையைத் தாழ்த்தி வட்டமடிக்கும் சேவலிடம் பெட்டைகள் தாமாகப் பதுங்கிக் கொடுக்கும். துரத்திக் கவ்வும் சேவல் உள்ள கூட்டத்தில் பெட்டைகளின் முதுகு மொட்டையாக இருக்கும்.

மேலே நிழல் ஓடும்போது என்ன செய்கிறது என்பதையும் கவனியுங்கள். வானத்திலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு சத்தம், நாய், கீரிக்கு வேறு சத்தம் என்று சேவல் பிரித்துக் கொடுக்கும். பெட்டைகளும் அதைக் கேட்டு முதலாவதற்குப் பதுங்கும், இரண்டாவதற்குத் தலை தூக்கிப் பார்க்கும். இந்தச் சத்தமே கொடுக்காத சேவல் காவலுக்கு ஆகாது.

ஆளைப் பறந்து அடிக்கும் சேவலை வீரம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். சின்னப் பிள்ளையின் கண் உயரத்தில்தான் அதன் கால்முள் வரும். அந்தக் குணம் பிள்ளைகளுக்கும் போகக்கூடியது. அதே சமயம் ஐந்து, ஆறு மாதத்துச் சேவல் நிதானமில்லாமல் பெட்டைகளைத் துரத்துவது வயதுக் கோளாறு, பத்து மாதம் வரை பொறுங்கள்.

முட்டையில் சோதனை

உடம்பும் நடத்தையும் தேறிய சேவலைப் பெட்டைகளோடு விடுங்கள். சிறுவிடைக்கு எட்டு முதல் பத்துப் பெட்டை, கனமான பெருவிடை, அசிலுக்கு ஐந்தாறு. பத்து நாள் (வேறு சேவல் நின்ற கூட்டமென்றால் மூன்று வாரம்) கழிந்த பிறகு இடும் முட்டைகளில் ஒரு டஜன் எடுத்து அடைவையுங்கள். நம்மூர்ச் சூட்டுக்கு ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்துவைத்த முட்டை வேண்டாம். ஏழாவது நாள் இரவு, இருட்டில், மொபைல் டார்ச்சின் மேல் முட்டையின் அகன்ற பக்கத்தை வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கறுத்த புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் சிவப்பு நரம்பு ஓடினால் கரு கூடியிருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் மஞ்சளாகத் தெளிந்து தெரிந்தால் கூமுட்டை.

பன்னிரண்டில் பத்துக்குக் குறையாமல் தேறினால் சேவல் சரி. ஆறேழுதான் என்றால் உடனே சேவலைக் குறை சொல்ல வேண்டாம். பெட்டை அதிகமா, சேவல் கொழுத்துவிட்டதா, குதத்தைச் சுற்றி இறகு அடர்ந்து மறிக்கிறதா, முள் நீண்டு பெட்டை ஒதுங்குகிறதா என்று பாருங்கள். முள்ளின் நுனியைக் கொஞ்சமாக வெட்டி அரத்தால் தேய்த்துவிடலாம், அடியில் ரத்தக்குழாய் ஓடுவதால் ஒட்ட வெட்டக் கூடாது. இவற்றைச் சரிசெய்த பிறகும் அடுத்த டஜனில் அதே நிலை என்றால் மாற்றுச் சேவலை இறக்குங்கள். அதற்காகத்தான் கடைசி இரண்டில் ஒன்றை விற்காமல் வைத்தது. அதை உங்கள் வீட்டில் வைக்காமல் சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள். ஒரு கழிச்சல் வந்தால் இரண்டும் ஒன்றாகப் போகாது.

வெளியிலிருந்து வாங்கினால்

சந்தையில் வாங்குவதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். பத்து வீட்டுக் கோழி ஒரே கூடையில் மூச்சுவிடுகிற இடம் அது. வீடு தேடிப் போய் வாங்குங்கள், தள்ளையையும் கேட்டுப் பாருங்கள். பேச்சு இப்படித்தான் போகும்:

“அக்கா, இவனுக்க தள்ளக்கோழி கிடக்கா?”

“கிடக்கே. அன்னா வாழமூட்டுல குஞ்சோட நிக்குல்லா.”

“எத்தன குஞ்சு எறக்கிச்சு?”

“பதினொண்ணு. ரெண்ட காக்கா கொண்டு போச்சு, ஒண்ணு செத்துப் போச்சு. மிச்சம் எட்டு நிக்கு.”

இந்த நாலு வரி போதும், சந்தையில் கிடைக்காத சான்றிதழ் இதுதான். குஞ்சோடு நிற்கும் தள்ளையைக் காட்டாமல் சேவலின் வாலை மட்டும் காட்டுகிறவரிடம் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். வயதைச் சொன்னால் முள்ளைப் பாருங்கள். ஒரு வயதுக்குள் சின்ன முளைதான் இருக்கும், நீண்டு வளைந்திருந்தால் “எட்டு மாசம்” என்பது பொய்.

கொண்டுவந்த சேவலை நேரே கூட்டத்தில் விடாதீர்கள். குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் ஒரு மாதம், கூட்டத்திலிருந்து தள்ளித் தனியாக, தனித் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வையுங்கள். உங்கள் கோழிக்கு முதலில் தீனி போட்டுவிட்டுப் பிறகு அதனிடம் போங்கள். குடற்புழு மருந்தும் பேன் மருந்தும் அப்போதே முடியட்டும். கடைசி வாரத்தில் உங்கள் பெட்டை ஒன்றை அதோடு விட்டுப் பார்த்தால், சேவல் மறைத்து வைத்திருக்கும் நோய் அந்த ஒரு பெட்டையோடு நின்றுவிடும்.

பழைய சேவலை எடுத்த அன்றே புதுச் சேவலின் குஞ்சு கிடைக்காது. பெட்டையின் உடம்பில் பழைய சேவலின் விந்து இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருக்கும். புதியது வந்து மூன்று வாரம் வரை முட்டையை ஆம்லெட்டுக்கு வையுங்கள், அடைக்கு அதன் பிறகு.

ரத்தம் நெருங்காமல் பார்ப்பது

எவ்வளவு நல்ல சேவலானாலும் சொந்த மகள்களோடு தொடர்ந்து நின்றால் இரண்டு, மூன்று தலைமுறையில் விளைவு தெரியும். பொரிப்பு குறையும், ஓட்டை உடைக்க முடியாமல் குஞ்சு உள்ளேயே சாகும், வளர்ச்சி மங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சேவலை மாற்றுவது எளிய வழி.

அதைவிட நல்ல வழி மூன்று வீடு சேர்ந்து செய்வது. உங்கள் வீடு, தெருக்கோடி வீடு, பக்கத்து ஊரில் சித்தி வீடு என்று வையுங்கள். மூவரும் அவரவர் பெட்டைகளை அவரவரே வைத்துக்கொள்வது. மேலே சொன்ன மாதிரி பொறுக்கிய சேவல் மட்டும் வருடாவருடம் ஒரே திசையில் நகரும்: உங்கள் வீட்டுச் சேவல் தெருக்கோடிக்கு, அவர்கள் சேவல் சித்தி வீட்டுக்கு, சித்தி வீட்டுச் சேவல் உங்களுக்கு. திசையை மாற்றக் கூடாது, அவ்வளவுதான் விதி. வெளியிலிருந்து பணம் கொடுத்து வாங்காமல் பல வருடம் இப்படியே ஓட்டலாம். மூன்று வீட்டிலும் கறிக்கு முன் தகப்பனை எடுத்துவைக்கும் பழக்கம் வந்தால்தான் இது நடக்கும். ஒரு வீடு மட்டும் மிச்சம் மீதியை அனுப்பினால் மற்ற இரண்டும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும், அதனால் ஆளைப் பார்த்துச் சேருங்கள். ஏதாவது ஒரு வீட்டில் அந்த வருடம் சளியோ கழிச்சலோ வந்திருந்தால் மாற்றத்தையே ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள், பழைய சேவலே இன்னொரு பருவம் நிற்கட்டும்.

மூன்று வயதைத் தாண்டிய சேவலில் கருக்கூடுவது குறையத் தொடங்கும். பெட்டையை நாலைந்தாகக் குறைத்து இன்னும் ஒரு வருடம் வைக்கலாம், அதன் மகன்களில் ஒன்று இரண்டு மழையும் பார்த்துத் தேறும் வரை. அதற்குப் பிறகு கறிக்கென்றால், கிழட்டுச் சேவல் குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு விசில் கேட்கும். குழம்புக்கு வேண்டாம், மிளகு தட்டிப் போட்டு ரசமாக வையுங்கள்.